தாங்குவது வேறு, ஏற்பது வேறு: லத்தீனாப் பெண்களின் மனக்காயமும் அதற்குக் கிடைத்த மொழியும்

"சானா, சானா, கொலீத்தா தெ ரானா" என்று தொடங்கும் ஒரு சின்னப் பாட்டு ஸ்பானிஷ் பேசும் வீடுகளில் பலருக்கும் தெரியும். குழந்தை விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு அழுதால், அம்மாவோ பாட்டியோ அந்த இடத்தைத் தடவிக்கொண்டே பாடுவார்கள். "ஆறிப்போ, ஆறிப்போ, தவளை வாலே, இன்றைக்கு ஆறாவிட்டால் நாளைக்கு ஆறும்" என்று பொருள். முழங்காலில் பட்ட காயத்துக்கு இந்த வீடுகளில் பாட்டு இருந்தது. மனசில் பட்ட காயத்துக்கு நெடுங்காலம் பேச்சே இருக்கவில்லை.

இன்று அதைப் பற்றித்தான் பாட்டாகவும் தொடராகவும் படமாகவும் கேட்கிறோம். கொலம்பியப் பாடகி கரோல் ஜி காதல் முறிந்த நாட்களைப் பாடிய ஆல்பம், 2023-இல் அமெரிக்காவின் பில்போர்டு 200 பட்டியலில் நேராக முதலிடத்தில் நுழைந்தது. ஒரு பெண் பாடிய ஸ்பானிஷ் ஆல்பத்துக்கு அதற்கு முன் இது நடந்ததில்லை. நடிகையும் பாடகியுமான செலீனா கோமஸ் தனக்கு இருதுருவக் கோளாறு (பைபோலார் என்ற மனநலச் சிக்கல்) இருப்பதை 2020-இல் வெளிப்படையாகச் சொன்னார். டிஸ்னியின் 'என்கான்டோ' ஒரு பாட்டியின் பழைய துயரத்தைச் சுற்றியே கட்டப்பட்ட படம்.

இவையெல்லாம் துண்டு துண்டான பொழுதுபோக்குச் செய்திகளாக வருவதால், இது புது ஃபேஷனா, விற்பனை உத்தியா, அல்லது உள்ளே உண்மையாகவே ஏதோ நடக்கிறதா என்ற குழப்பம் வருகிறது. அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

லத்தீனா என்றால் யார்?

லத்தீன் அமெரிக்காவில் வேர் கொண்டவர் லத்தீனோ. பெண் என்றால் லத்தீனா. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வாழும் அப்படிப்பட்டவர்களைக் குறிக்கவே இந்தச் சொல் அதிகம் பயன்படுகிறது. ஹிஸ்பானிக் என்ற இன்னொரு சொல்லும் உண்டு. அது ஸ்பானிஷ் மொழி வழியைக் குறிப்பது. போர்த்துக்கீசியம் பேசும் பிரேசில் பெண் லத்தீனா, ஆனால் ஹிஸ்பானிக் அல்ல. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் இந்த வகையில் எண்ணப்பட்டவர்கள் 6.21 கோடிப் பேர், மொத்த மக்களில் 18.7 சதவீதம்.

இது ஓர் இனத்தின் பெயர் அல்ல. கறுப்பர், வெள்ளையர், பூர்வகுடியினர், கலப்பினத்தவர் எல்லாரும் இதற்குள் இருக்கிறார்கள். இவர்களின் காயமும் ஒரே மாதிரி இருக்காது. போர்ட்டோ ரிக்கோக்காரர்கள் 1917 முதலே அமெரிக்கக் குடிமக்கள். ஹோண்டுராஸிலிருந்து நடந்து வந்த ஒரு பெண்ணுக்குக் கையில் எந்தக் காகிதமும் இருக்காது. டெக்சாஸில் வாழும் சில மெக்சிகக் குடும்பங்களோ நாடு மாறி வரவே இல்லை. 1840-களில் நிலம்தான் நாடு மாறியது. "நாங்கள் எல்லையைத் தாண்டவில்லை, எல்லைதான் எங்களைத் தாண்டிப் போனது" என்று அவர்கள் சொல்வது வழக்கம்.

காயம் எங்கிருந்து வருகிறது?

மனக்காயம் என்றதும் காதல் தோல்விதான் நினைவுக்கு வருகிறது. பாடல்கள் அதையே அதிகம் பேசுவதும் ஒரு காரணம். ஆனால் இந்தப் பெண்கள் பேசும் காயத்துக்கு வேறு ஊற்றுகளும் உண்டு.

1. இடப்பெயர்வு. குவாதமாலாவில் உள்நாட்டுப் போர் 1960 முதல் 1996 வரை நடந்தது. எல் சால்வடோரில் 1980 முதல் 1992 வரை. கொலம்பியாவில் உள்நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்தவர்கள் என்று அரசுப் பதிவேட்டில் இருப்பவர்கள் 80 இலட்சத்துக்கும் மேல். இப்படிக் கிளம்பி வந்த பெண் அடுத்த வேளைச் சாப்பாட்டையும் வாடகையையும் பார்ப்பாள். நடந்ததைப் பற்றிப் பேச அவளுக்கு நேரமும் இருக்காது, ஆளும் இருக்காது.

2. மொழி. பெற்றோருக்கு ஆங்கிலம் வராத வீட்டில் பிள்ளைதான் மொழிபெயர்ப்பாளர், பெரும்பாலும் மூத்த பெண். வங்கி, பள்ளி, வாடகை ஒப்பந்தம், மருத்துவமனை என்று எல்லா இடத்துக்கும் அவள் போக வேண்டும். அம்மாவுக்கு வந்திருக்கும் நோயின் பெயரை முதலில் கேட்பவளும் அவள்தான். அதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று முடிவு செய்ய வேண்டியவளும் அவள்தான்.

3. தோலும் முடியும். கரிபியன் நாடுகளில் சுருள்முடிக்கு 'பெலோ மாலோ' என்று பெயர். கெட்ட முடி என்று அர்த்தம். வெளுத்த நிறத்தவரைக் கட்டிக்கொள்வதை 'இனத்தை மேம்படுத்துவது' என்று பெரியவர்கள் சாதாரணமாகச் சொல்வதுண்டு. இதையெல்லாம் சொல்பவர்கள் அன்பான பாட்டிகள் என்பதுதான் கொடுமை.

4. அரசின் கை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த விஷயம் முழுவதற்கும் இது திறவுகோல்.

1960-களின் பிற்பகுதியிலும் 1970-களின் தொடக்கத்திலும் லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டியின் பெரிய அரசு மருத்துவமனைக்குப் பிரசவத்துக்கு வந்த மெக்சிகப் பெண்கள் பலருக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. வலியில் துடித்துக்கொண்டிருந்தபோது ஆங்கிலப் படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். தனக்கு என்ன செய்யப்பட்டது என்பதே சிலருக்குப் பின்னால்தான் தெரிந்தது. பத்துப் பெண்கள் வழக்குப் போட்டார்கள். மாட்ரிகல் வழக்கு என்று அதற்குப் பெயர். 1978-இல் தோற்றார்கள். மருத்துவருக்கும் நோயாளிக்கும் இடையே பேச்சு சரியாகப் போய்ச் சேராததுதான் காரணம் என்றார் நீதிபதி. அந்தப் பெண்களின் வேதனை இவ்வளவு ஆழமாக இருப்பதற்கு அவர்களின் பண்பாட்டுப் பின்னணி காரணம் என்ற வாதமும் அந்தத் தீர்ப்பில் இருந்தது.

கவனியுங்கள்: வெட்டியது ஒருவர் கை, வலிப்பதற்குக் காரணமோ அந்தப் பெண்ணின் பண்பாடாம். அந்தப் பெண்களில் சிலர் தங்களுக்கு நடந்ததை வீட்டாரிடம்கூடச் சொல்லாமல் பல பத்தாண்டுகள் வாழ்ந்தார்கள். வழக்கில் தோற்றாலும் அதன் விளைவாக ஸ்பானிஷ் ஒப்புதல் படிவம், கட்டாயக் காத்திருப்புக் காலம் போன்ற பாதுகாப்புகள் வந்தன. கவுன்டி நிர்வாகம் மன்னிப்புக் கேட்டது 2018-இல், தீர்ப்பு வந்து நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு.

வாயை அடைக்கும் சொற்கள்

நாற்பது ஆண்டு மௌனம் தானாக வராது. அதற்கு ஒரு பயிற்சி உண்டு, அந்தப் பயிற்சிக்குச் சொற்கள் உண்டு. முதலாவது 'அகுவான்தார்'. பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குவது என்று சொல்லலாம். ஒரு பெண்ணைப் பற்றி இந்தச் சொல்லைச் சொன்னால் அது பாராட்டு. அப்புறம் பழமொழிகள்: "வாயை மூடியிருந்தால்தான் நீ அழகு", "அழுக்குத் துணியை வீட்டுக்குள்ளேயே துவை". இவற்றுக்கெல்லாம் மேலே 'எல் கே திரான்' என்ற பயம் இருக்கிறது. நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பதேதான்.

அமெரிக்க அரசியல் ஆய்வாளர் எவலின் ஸ்டீவன்ஸ் 1973-இல் இந்த முழு அமைப்புக்கும் 'மரியானிஸ்மோ' என்று பெயர் வைத்தார். கன்னி மரியாளைப் போலப் பெண் தூய்மையாகவும் பொறுமையாகவும் தியாகியாகவும் இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு. ஆண் திமிரைச் சொல்லும் 'மச்சிஸ்மோ' என்ற சொல்லுக்கு இது மறுபக்கம். ஒரு கண்டத்தின் பெண்கள் எல்லாரையும் ஒரே அச்சில் வார்த்துவிட்டார் என்று ஸ்டீவன்ஸ் மீது கடுமையான விமர்சனங்கள் வந்தன. அவை நியாயமானவை என்றே எனக்கும் தோன்றுகிறது. ஆனாலும் சொல் நிலைத்துவிட்டது. 2010-இல் லத்தீன உளவியலாளர்கள் அதை அளக்க ஒரு கேள்வித்தொகுப்பு உருவாக்கியபோது, அதை ஐந்து கூறுகளாகப் பிரித்தார்கள்:

1. குடும்பத்தின் தூணாக இருப்பது.
2. கற்பும் ஒழுக்கமும் காப்பது.
3. பிறருக்கு, முக்கியமாக ஆணுக்கு, அடங்கிப் போவது.
4. சண்டை வராமலிருக்கத் தன் வாயை அடக்கிக்கொள்வது.
5. குடும்பத்தின் ஆன்மிக வாழ்வைத் தாங்குவது.

இப்படிப் பிரித்ததில் ஒரு பெரிய பயன் உண்டு. எல்லாமே கெட்டது என்று ஒதுக்க வேண்டியதில்லை என்பது தெரிந்தது. குடும்பத்தோடு நெருக்கமாக இருப்பதை 'ஃபமிலிஸ்மோ' என்பார்கள். அது பல நேரம் பெண்ணுக்குப் பலமாகவே இருக்கிறது. மனச்சோர்வோடு சேர்த்து ஆய்வுகளில் பேசப்படுவது முக்கியமாக நான்காவது கூறு, வாயை அடக்கிக்கொள்வது.

உடம்பு பேசியபோது

வாய் பேசாததை உடம்பு பேசும். 'அத்தாக்கே தெ நேர்வியோஸ்' என்று ஒன்று உண்டு. நரம்புத் தாக்கு என்று நேர்ப்பொருள். சாவு வீட்டிலோ, கணவன் விட்டுப் போன செய்தி கேட்டபோதோ, ஒரு பெண் திடீரென்று அடக்க முடியாமல் அலறுவாள், அழுவாள், கைகால் நடுங்கும், நெஞ்சிலிருந்து தலைக்குச் சூடு ஏறும், சிலர் மயங்கி விழுவார்கள். கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடும். நடந்தது நினைவில்லாமலும் போகலாம்.

1950-களில் அமெரிக்க ராணுவ மருத்துவர்கள் போர்ட்டோ ரிக்கோ வீரர்களிடம் இதைப் பார்த்துவிட்டு 'போர்ட்டோ ரிக்கோ நோய்' என்று பெயர் வைத்தார்கள். காலனி ஆட்சியின் ராணுவத்தில், வேறொரு மொழியில் உத்தரவு வாங்கிக்கொண்டு போருக்குப் போனவர்களின் துயரத்துக்கு அவர்களுடைய ஊர்ப்பெயரையே நோய்ப்பெயராக ஒட்டிவிட்டார்கள். பின்னால் மானுடவியலாளர்கள் இதை வேறு விதமாகப் பார்த்தார்கள். சொல்ல முடியாத துயரத்தைச் சுற்றியிருப்பவர்களுக்குப் புரியும் வடிவத்தில் வெளிப்படுத்தும் முறை இது என்றார்கள். அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய் அறிதல் கையேட்டின் 1994 பதிப்பில் இது இடம் பெற்றது. 2013 பதிப்பு, பண்பாடு சார்ந்த துயர வெளிப்பாடுகளில் ஒன்றாக இதை விளக்குகிறது. திடீர் அச்சத்தால் ஆவி உடலை விட்டுப் போய்விடுகிறது என்று நம்பப்படும் 'சுஸ்தோ'வும் அதே வரிசையில் இருக்கிறது.

கையேட்டில் ஏறியதால் என்ன லாபம்? ஒரு பெண் மருத்துவரிடம் "எனக்கு அத்தாக்கே வந்தது" என்று சொன்னால், நடிப்பு என்றோ பைத்தியம் என்றோ தள்ளிவிடாமல் அவர் மேலே விசாரிக்க ஒரு கதவு திறக்கிறது.

தாங்குவதும் ஏற்பதும்

இப்போது நடுப்பகுதிக்கு வருகிறோம். 'காயத்தை அணைத்துக்கொள்', 'உன்னை நீயே ஏற்றுக்கொள்' என்ற பேச்சைக் கேட்டதும் பலருக்கு ஒரு சந்தேகம் வரும்: இவ்வளவு நாள் பெண்களிடம் சொன்னதும் இதைத்தானே? பொறுத்துக்கொள், உன் விதி இது என்று ஏற்றுக்கொள் என்றுதானே சொன்னார்கள்? சந்தேகம் சரியானது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். வித்தியாசம் உள்ளே இருக்கிறது.

தாங்குவதில் காயத்துக்குப் பெயர் இல்லை. ஏற்பது பெயர் வைப்பதிலிருந்து தொடங்குகிறது. எனக்கு இது நடந்தது, இன்னார் செய்தார், இது வலிக்கிறது. மாட்ரிகல் வழக்குப் பெண்கள் நீதிமன்றத்தில் செய்தது அதுதான். பெயர் வைத்த பிறகு, வெட்கம் யாருடையது என்ற கேள்வி தானாக வந்துவிடும்.

இந்த வழிக்கு லத்தீன் அமெரிக்காவிலேயே முன்னோடிகள் உண்டு. 'தெஸ்திமோனியோ' என்பது சாட்சியம் சொல்லும் எழுத்து. ஒரு பெண் தன் கதையைச் சொன்னாலும் அது தன்னைப் போன்ற பலருடைய கதை என்ற உணர்வோடு சொல்வாள். டெக்சாஸில் பிறந்த சிகானா (அமெரிக்காவில் வாழும் மெக்சிக வம்சாவளிப் பெண்) எழுத்தாளர் குளோரியா அன்சால்துவா, 1987-இல் வந்த நூலில் அமெரிக்க–மெக்சிக எல்லையையே ஆறாத திறந்த காயம் என்றார். எல் சால்வடோரில் பணியாற்றிய உளவியலாளரும் ஏசு சபைப் பாதிரியாருமான இக்னாசியோ மார்த்தின்-பாரோ, போர் நடக்கும் ஊரில் மனநோயை ஒருவர் தலைக்குள் மட்டும் தேடக்கூடாது, ஊருக்குள்ளும் தேட வேண்டும் என்றார். 1989 நவம்பரில் ராணுவத்தினர் அவரைக் கொன்றார்கள்.

மெக்சிக ஓவியர் பிரீதா காலோவின் படம் இன்று பைகளிலும் சட்டைகளிலும் இருப்பதால் அவர் என்ன செய்தார் என்பது மறந்துபோகிறது. 1925-இல் நடந்த பேருந்து விபத்தில் அவருடைய முதுகெலும்பும் இடுப்பெலும்பும் நொறுங்கின. உடைந்த உடலையே அவர் திரும்பத் திரும்ப வரைந்தார், பார்ப்பவரை நேராகப் பார்க்கும் கண்களோடு. சான் பிரான்சிஸ்கோவின் சிகானா ஓவியர்கள் 1978-இல் அவருக்கு அஞ்சலியாக ஒரு கண்காட்சி நடத்தினார்கள். அவர் உலகப் புகழ் அடைவதற்கு முன்பே அவரைத் தங்கள் ஆளாக எடுத்துக்கொண்டவர்கள் இவர்கள்.

ஏன் பாட்டும் தொடரும்?

இதெல்லாம் நூலிலும் ஓவியத்திலும் இருந்தது. வீட்டுக்குள் கொண்டு வந்தது தொலைக்காட்சி.

தெலெநொவேலா என்பது ஸ்பானிஷ் தொலைக்காட்சியின் நெடுந்தொடர்; நம் மெகா சீரியல் போல முடிவில்லாமல் ஓடாது, சில மாதங்களில் முடிந்துவிடும். 1969-இல் பெருவில் தொடங்கிய ஒரு தொடரில், வீட்டு வேலை செய்யும் பெண் தையல் கற்று முன்னுக்கு வருவாள். அதைப் பார்த்துப் பெண்கள் தையல் வகுப்புகளில் சேர்ந்தார்கள், தையல் இயந்திர விற்பனை ஏறியது. இதைக் கவனித்த மெக்சிக இயக்குநர் மிகேல் சாபிதோ, சமூக மாற்றத்துக்கென்றே தொடர் எடுக்கும் ஒரு முறையை உருவாக்கினார். 1975-இல் முதியோர் கல்விக்கும், 1977-இல் குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் அவருடைய தொடர்கள் வந்தன. 1984-இல் தூர்தர்ஷனில் வந்த 'ஹம் லோக்' இந்த மெக்சிக முறையைப் பார்த்து உருவானதுதான்.

தொடர் ஏன் வேலை செய்கிறது என்பதற்கு என் விளக்கம் எளிமையானது. பாட்டி, அம்மா, மகள் மூவரும் ஒரே சோபாவில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். "நீ ஏன் அப்பாவை விட்டுப் போகவில்லை?" என்று மகளால் அம்மாவைக் கேட்க முடியாது. "இவள் ஏன் அந்த ஆளை விட்டுப் போக மாட்டேன் என்கிறாள்?" என்று திரையைக் காட்டிக் கேட்க முடியும். அம்மா சொல்லும் பதிலில் அவளுடைய சொந்தப் பதிலும் வந்துவிடும். 1980-களில் நியூயார்க்கில் உளவியலாளர்கள் போர்ட்டோ ரிக்கோக் குழந்தைகளுக்கு அவர்கள் ஊர் நாட்டுப்புறக் கதைகளையே சிகிச்சையாகப் பயன்படுத்தியபோதும் இதே வழியில்தான் போனார்கள்.

மூன்று உதாரணங்கள் பார்க்கலாம்.

1. 'ஜேன் த வர்ஜின்' (2014–2019). தொடக்கக் காட்சியில் பாட்டி சிறுமி ஜேனிடம் ஒரு வெள்ளைப் பூவைக் கொடுத்துக் கசக்கச் சொல்கிறாள். பிறகு அதைப் பழையபடி ஆக்கு என்கிறாள். முடியாது. கன்னிமை போனால் அவ்வளவுதான் என்பது பாடம். ஐந்து கூறுகளில் இரண்டாவதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. கசங்கிய அந்தப் பூ வளர்ந்த ஜேனின் மனதை விட்டுப் போவதே இல்லை. நூறு பகுதிகளில் தொடர் பாட்டியை வில்லியாக்கவில்லை, ஜேனையும் குற்றவாளியாக்கவில்லை.

2. 'ஒன் டே அட் எ டைம்' (2017–2020). நாயகி பெனலொப்பே கியூப வம்சாவளி. ராணுவத்தில் செவிலியாக இருந்தவள். கணவனைப் பிரிந்து பிள்ளைகளை வளர்க்கிறாள். மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறாள். வாழ்க்கை நன்றாகப் போகிறதே என்று மாத்திரையையும் ஆலோசனைக் குழுவையும் நிறுத்திவிட்டு அவள் சரிந்துபோகும் ஒரு பகுதி உண்டு. மாத்திரை என்றாலே முகம் சுளிக்கும் அவள் அம்மாவும் அதே வீட்டில் இருக்கிறாள். சிரிப்புத் தொடர் ஒன்றுக்குள் இதை வைத்ததுதான் கெட்டிக்காரத்தனம். மருந்து பற்றிய பேச்சு சாப்பாட்டு மேசைப் பேச்சாகிவிட்டது.

3. 'என்கான்டோ' (2021). பாட்டி அல்மா கைக்குழந்தைகளோடு ஓடிவரும்போது கணவனைக் கண்முன்னே இழந்தவள். அந்தப் பயம் வீட்டில் சட்டமாக மாறுகிறது: எல்லாரும் ஊருக்குப் பயன்பட வேண்டும், யாரும் உடையக்கூடாது. பேத்தி லூயிசா கழுதைகளையும் பாலங்களையும் தூக்குவாள். தூக்க முடியாமல் போனால் தான் யார் என்று பயப்படுவாள். வீட்டின் மூத்த பெண்கள் பலர் அவளிடம் தங்களைப் பார்த்தார்கள். ஆற்றங்கரையில் பாட்டி தன் கதையைச் சொல்லும்போதுதான் இன்னொரு பேத்தியும் கதையின் நாயகியுமான மிராபெலுக்குக் கண்டிப்பின் வேர் தெரிகிறது. காயம் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததற்கு அன்பின் உருவத்திலேயே போகும் என்பதை ஒரு குழந்தைகள் படம் இவ்வளவு தெளிவாகச் சொன்னதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பாட்டில் ஒரு முரண்

பாடல்களின் வரலாறு இன்னும் பழையது. ஏமாற்றப்பட்டவளின் கசப்புக்கு ஸ்பானிஷில் 'தெஸ்பேச்சோ' என்று ஒரு தனிச் சொல்லே இருக்கிறது. மெக்சிகோவின் பகீதா லா தெல் பார்ரியோ ஆணை இரண்டு கால் எலி என்று மேடையில் திட்டிப் பாடினார். கூட்டத்தில் இருந்த பெண்கள் சேர்ந்து பாடினார்கள். 2025 பிப்ரவரியில் அவர் இறந்தார்.

கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் பிறந்த ஜென்னி ரிவேரா இன்னொரு படி போனார். பதினைந்து வயதில் கர்ப்பம், அடிக்கும் கணவன், தனியாகப் பிள்ளை வளர்ப்பு. ஆண்களே ஆண்ட பாண்டா என்ற பித்தளை வாத்திய இசைக்குள் நுழைந்து, இதையெல்லாம் மறைக்காமல் மேடையில் பேசினார். குடும்ப வன்முறைக்கு எதிரான தேசியக் கூட்டமைப்பின் தூதராகவும் இருந்தார். 2012 டிசம்பரில் விமான விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 43. அவர் பாட்டைக் கேட்டவர்களில் பெரும்பங்கு உழைக்கும் பெண்கள். "உனக்கு நடந்தது எனக்கும் நடந்தது" என்று ஒரு நட்சத்திரம் சொல்வது அவர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை வசதியானவர்கள் எளிதில் உணர மாட்டார்கள்.

இப்போது முரண். 2023 ஜனவரியில் ஷகீரா, பிசார்ராப் என்ற அர்ஜென்டினத் தயாரிப்பாளரோடு ஒரு பாட்டு வெளியிட்டார். கால்பந்து வீரர் பீக்கேயை அவர் பிரிந்த பிறகு வந்த பாட்டு. அதில் வரும் ஒரு வரி உலகம் முழுக்கப் பரவி, 2024-இல் அவருடைய ஆல்பத்துக்கே பெயரானது: பெண்கள் இனி அழுவதில்லை. பாட்டில் அதையடுத்து வருவது, அவர்கள் பில் போட்டுக் காசு பார்க்கிறார்கள் என்பது. வலியிலிருந்து சம்பாதிப்பதில் தவறில்லை. ஆண் கலைஞர்கள் காலங்காலமாகச் செய்ததுதான். ஆனால் அழுவதில்லை என்பது யாருடைய குரல்? அகுவான்தார் என்ற பழைய சொல் புது உடை போட்டுக்கொண்டு வந்த மாதிரி எனக்குக் கேட்கிறது. உடையக்கூடாது என்று லூயிசாவுக்குச் சொன்ன அதே குரல்.

அதற்கு அடுத்த மாதமே வந்த கரோல் ஜியின் ஆல்பத்தின் பெயர் 'நாளை அழகாக இருக்கும்' என்ற பொருள் தருவது. மோசமான நாட்களில் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட வாக்கியம் என்று அவர் விளக்கியிருக்கிறார். இன்று நன்றாக இல்லை என்பதை அந்தப் பெயர் ஒப்புக்கொள்கிறது. இன்றைக்கு ஆறாவிட்டால் நாளைக்கு ஆறும் என்ற தவளைப் பாட்டின் அருகில் நிற்பது இதுதான்.

முடி, விழா, தோழி

வாழ்க்கை முறை என்று சொல்லப்படுவதில் வீண் பொருட்கள் நிறைய உண்டு. உருப்படியாகத் தோன்றுபவை சில. டொமினிக்கன் வம்சாவளிப் பெண்கள் முடியை நேராக்குவதை நிறுத்தியது அதில் முதலாவது. கரோலினா கொன்த்ரேராஸ் என்பவர் டொமினிக்கன் தலைநகர் சாந்தோ தொமிங்கோவில் 2014-இல் சுருள்முடிக்கென்றே 'மிஸ் ரீசோஸ்' என்ற சலூனைத் திறந்தார். பிறகு நியூயார்க்கிலும் திறந்தார். 2019-இல் கலிஃபோர்னியாவும் நியூயார்க்கும் முடியின் இயல்பை வைத்து வேலையிடத்தில் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்தன. சலூன் நாற்காலியில் உட்கார்ந்து, தன் முடியைக் கெட்ட முடி என்று சொல்லாத ஒருவரிடம் தலையைக் கொடுப்பதும் ஒரு சிகிச்சைதான்.

பதினைந்து வயதில் பெண்ணுக்குச் செய்யும் பெரிய விழா 'கின்சியன்யேரா'. வறுமையில் அது கிடைக்காமல் போன பெண்கள் இப்போது ஐம்பதாவது வயதில் கவுன் போட்டு, கிரீடம் வைத்துக் கொண்டாடுகிறார்கள். 'சின்குவென்தன்யேரா' என்று அதற்குப் பெயர். முடிந்துபோனதைத் திருப்ப முடியாது. ஆனால் தனக்கு என்ன கிடைக்கவில்லை என்று ஊர் முன்னால் சொல்ல முடியும், கேக் வெட்டிக்கொண்டே.

மூன்றாவது 'கொமாத்ரே'. முதலில் தன் பிள்ளைக்கு ஞானத்தாயாக நின்றவளைக் குறித்த சொல். இன்று எதையும் சொல்லி அழக்கூடிய தோழியையும் குறிக்கிறது. 'புரொமொத்தோரா' என்ற சமூக நலப் பணியாளர்கள் இந்த உறவு முறையிலேயே வேலை செய்கிறார்கள்: அதே தெருவில் வாழ்பவர், அதே மொழி பேசுபவர், காபி குடித்துக்கொண்டே ரத்த அழுத்தத்தையும் தூக்கத்தையும் பற்றிக் கேட்பவர்.

எங்கே போதாமல் போகிறது

சரி, இதனால் எல்லாம் ஆறிவிடுமா? ஆறாது. காரணங்கள்:

1. காப்பீடு. அமெரிக்காவில் மருத்துவக் காப்பீடு இல்லாதவர்களின் விகிதம் லத்தீனர்களிடம் மிக அதிகம். நாட்டின் உளவியலாளர்களில் லத்தீனர்கள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஸ்பானிஷில் சிகிச்சை தரக்கூடியவர்கள் இன்னும் குறைவு.

2. காகிதம். 2017, 2018 ஆண்டுகளில் எல்லையில் 5,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டார்கள். அப்படிப்பட்ட பயத்தோடு வாழும் பெண் மருத்துவமனைப் படிவத்தில் முகவரி எழுதவே தயங்குவாள். தன்னை ஏற்றுக்கொள்ளச் சொல்லி அவளுக்கு அறிவுரை சொல்வது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. அவளை ஏற்றுக்கொள்ள வேண்டியது நாடு.

3. தலைமுறை. 2002–03-இல் நடந்த பெரிய தேசிய ஆய்வொன்றில், புலம்பெயர்ந்து வந்தவர்களைவிட அமெரிக்காவில் பிறந்த லத்தீனர்களிடம் மனநலச் சிக்கல்கள் பொதுவாக அதிகம் என்று தெரிந்தது. மெக்சிக வம்சாவளியினரிடம் இந்த வித்தியாசம் தெளிவாக இருந்தது. பணமும் பள்ளியும் கூடினால் காயம் தானாகக் குறையும் என்ற கணக்கு இங்கே பொய்க்கிறது.

4. சந்தை. காயத்தைப் பற்றிப் பேசுவது விற்கிறது என்று தெரிந்ததும் எல்லாரும் பேசத் தொடங்கிவிட்டார்கள். 'குழந்தைப் பருவத்தின் காயங்கள்' என்று பட்டியல் போட்டு, மூன்று வாரத்தில் ஆற்றித் தருகிறேன் என்று வகுப்பு விற்பவர்கள் ஸ்பானிஷ் சமூக ஊடகங்களில் நிறைய. செலீனா கோமஸின் 'ரேர் பியூட்டி' நிறுவனத்தை இதோடு சேர்க்க மாட்டேன். விற்பனையில் 1 சதவீதத்தை ஒதுக்கி, பத்து ஆண்டுகளில் 10 கோடி டாலர் திரட்டி மனநலச் சேவைகளுக்குத் தருவது என்று அது எண்ணிக்கை சொல்லியிருக்கிறது. எண்ணிக்கை சொன்னவரிடம் கணக்குக் கேட்கலாம். உன் காயத்தை நேசி என்று மட்டும் சொல்பவரிடம் கேட்க எதுவும் இல்லை.

பாட்டும் தொடரும் ஒரு பெண்ணைக் கதவு வரை கொண்டு வருகின்றன. கதவுக்கு அப்பால் ஆள் இருக்க வேண்டும். அமெரிக்காவின் மனநெருக்கடி உதவி எண்ணான 988, 2022 ஜூலையில் தொடங்கியது. ஸ்பானிஷில் குறுஞ்செய்தியும் அரட்டையும் ஓராண்டு கழித்து, 2023 ஜூலையில் சேர்ந்தன. அழைப்பவர் 2-ஐ அழுத்தினால் ஸ்பானிஷில் பேச ஒருவர் வருவார். பக்கத்தில் மொழிபெயர்க்க மகள் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.